பக்கத்து வயலும் நம்ம ஹாஸ்டல் சாம்பாரும்



ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றியதும் நாம் முதலில் என்ன செய்வோம்? கையை விட்டுத் துழாவி, "காய் எங்கடா?" என்று தேடுவோம்! தப்பித் தவறி ஒரு முருங்கைக்காய்த் துண்டு அகப்பட்டால் அன்றைக்கு அவன்தான் அதிர்ஷ்டசாலி. சரி... காய் எங்கே என்று தினமும் தேடுகிற நாம், அந்தக் காய் எங்கேயிருந்து வந்தது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

இது வேலையற்ற கேள்வி இல்லை. நம்மில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். "மண்ணை நம்பி நான் பட்டது போதும், நீயாவது ஒரு டிப்ளமோ முடிச்சு ஒரு கம்பெனியில சேர்ந்துடு" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். ஊரில் அப்பா போட்ட கத்தரிக்காய்க்கு என்ன விலை கிடைத்தது என்பதைப் பொறுத்துத்தான் இங்கே நம் செமஸ்டர் ஃபீஸ் நேரத்துக்கு வருகிறதா, தாமதமாக வருகிறதா என்பது. அதே கத்தரிக்காயை நம் மெஸ் என்ன விலைக்கு வாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் மாதக் கடைசியில் மெஸ் பில். ஆக, விற்கிற பக்கமும் நம் வீடுதான். வாங்குகிற பக்கமும் நாம்தான்! அப்பாவுக்கு விலை குறைவாகக் கிடைக்கிறது, பிள்ளைக்குப் பில் அதிகமாக வருகிறது என்றால் நடுவில் என்ன நடக்கிறது? பக்கத்து வயலில் விளைந்ததைப் பக்கத்திலேயே வாங்கிச் சாப்பிட்டால் இது மாறுமா? கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

ஒரு ரூபாயில் எத்தனை காசு?

தோட்டத்தில் பறித்த தக்காளி பெட்டியில் அடுக்கப்பட்டு, மினி லாரி ஏறிக் கமிஷன் மண்டிக்குப் போகிறது. அங்கே ஏலம். மொத்த வியாபாரி எடுக்கிறார். அவரிடமிருந்து வெளியூர் வியாபாரி, அவரிடமிருந்து கடைக்காரர், கடைசியில் நாம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, கமிஷன், அழுகல் கழிவு என்று விலையின் மேல் ஒரு சுமை ஏறிக்கொண்டே போகும்.

2024-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இதை எண்ணிலேயே சொல்லிவிட்டது. நாம் கொடுக்கிற ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. இந்த 33 காசும் முழு லாபம் என்று நினைத்துவிடாதீர்கள்! நாற்று, உரம், மருந்து, களையெடுப்பு, பறிப்புக் கூலி எல்லாம் அதற்குள்ளேதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

உடனே கமிஷன்காரரையும் வியாபாரியையும் திட்டித் தீர்த்துவிடுவது சுலபம். ஆனால் அது முழு நியாயம் ஆகாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் விழித்துச் சரக்கை வாங்கி, அழுகினால் நஷ்டத்தைத் தாங்கி, வெளியூர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு வேலைதான். விதைக்கும் உரத்துக்கும் கையில் காசில்லாத நேரத்தில் முன்பணம் கொடுப்பவரும் பல ஊர்களில் அந்தக் கமிஷன்காரர்தான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குச் சரக்கைக் கொண்டுபோக முடியாது. சொன்ன விலைதான் விலை, போட்ட எடைதான் எடை.

தக்காளி விலை ஏறினால் விவசாயிக்கு யோகம்தானே என்று கேட்கலாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்தது. வேறு சில பருவங்களில் இதே தக்காளி பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலை ஓரத்தில் கொட்டப்படுவதைப் பார்க்கிறோம். விலை எகிறுகிறபோது பெரும்பாலான தோட்டங்களில் காய் இருக்காது. அதனால்தானே விலை எகிறியது! காய் குவிகிறபோது விலை இருக்காது. இரண்டிலும், விலை சொல்கிற இடத்தில் விளைவித்தவர் இல்லை. வாங்குகிற நாமும் இல்லை.

பறித்த பிறகும் மூச்சு விடும் காய்

இங்கே கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். நட்டு, போல்ட்டை லாரியில் ஏற்றினால் 500 கிலோமீட்டர் போனாலும் அது நட்டு, போல்ட்தான். காய்கறி அப்படி இல்லை. செடியிலிருந்து பறித்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது. ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்து, கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வெப்பம் மூன்றையும் வெளியே விடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது!

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த மூச்சு வேகம் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று மடங்கு ஆகிவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலில், தார்ப்பாயின் கீழே குவியலாகக் கிடக்கும் காயை நினைத்துப் பாருங்கள். குவியலின் நடுவில் பிறக்கும் வெப்பம் வெளியே வர வழியில்லை. அது மூச்சை இன்னும் வேகப்படுத்துகிறது. அந்த மூச்சு மேலும் வெப்பத்தைத் தருகிறது. கீரையின் கதி இன்னும் மோசம். அதன் எடையில் சில சதவீதம் தண்ணீர் போனாலே தலை சாய்ந்துவிடும்.

லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைப் பின்செய் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடைக்கும் நம் கைக்கும் நடுவில் தக்காளியில் 12 சதவீதத்துக்கு மேலும், கொய்யாவில் கிட்டத்தட்ட 16 சதவீதமும் வீணாகிறது. வீணான காய்க்கும் காசு கொடுப்பது யார்? மிச்சக் காயை வாங்குகிற நாம்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன? அதுவும் நடக்காது. தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் குளிர்ச்சியே அதைக் கெடுத்துவிடும். சரியாகப் பழுக்காது, ருசியும் போகும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு வெப்பநிலை. அதற்கெல்லாம் தனித்தனி அறை, கரண்டு, கம்ப்ரஸர், பணம் வேண்டும். சிறு விவசாயிக்கு எட்டுகிற காரியமா இது?

தூரம் இன்னொரு வேலையும் செய்கிறது. என்ன ரகம் போட வேண்டும் என்பதையே அது முடிவு செய்கிறது! நம் வீடுகளில் ரசத்துக்கு நாட்டுத் தக்காளி என்பார்கள். மெல்லிய தோல், நல்ல புளிப்பு. ஆனால் லாரியில் அடுக்கினால் அடிப் பெட்டி நசுங்கிவிடும். 'பெங்களூர் தக்காளி' என்று கடைகளில் சொல்லும் ரகம் கெட்டித் தோல். நாள்கணக்கில் தாங்கும், ஆனால் புளிப்பு குறைவு. வெளியூர் போகிற சரக்கைச் செங்காயாகவே பறித்துவிடுவார்கள், வழியில் பழுக்கட்டும் என்று. பக்கத்து ஊரில் விற்கிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முந்தின நாள் சாயந்திரம் பறித்துக் காலையில் விற்கலாம். ஆக, பக்கத்தில் வாங்குவது என்றால் காசு மட்டும் இல்லை, ருசியும்தான்.

உழவர் சந்தை வந்த வழி

விளைவித்தவரும் சாப்பிடுகிறவரும் நேருக்கு நேர் சந்தித்தால் என்ன? யோசனை புதிதல்ல. நம் வாரச் சந்தைகளே அதற்குச் சாட்சி. ஆனால் காலப்போக்கில் அங்கும் வியாபாரிகள் கடைதான் மிகுந்தது. இதை அரசே முன்னின்று மாற்றிப் பார்த்தது முதலில் பஞ்சாபில். 1987-இல் அங்கே 'அப்னி மண்டி', அதாவது 'நம்ம சந்தை' தொடங்கியது. அடுத்து ஆந்திராவில் 1999 ஜனவரி 26 அன்று 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கிவைத்தார். சரியாக ஒரே ஆண்டில், 2000 நவம்பர் 14 அன்று, பல்லாவரத்தில் நூறாவது சந்தை திறக்கப்பட்டது. 2001-இல் ஆட்சி மாறிய பிறகு பல சந்தைகள் கவனிப்பார் இல்லாமல் சோர்ந்து போயின. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன. இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. கட்சி எதுவானாலும் சந்தை சந்தையாக நடக்க வேண்டும் என்பதுதான் அந்த இடைக்காலம் சொல்லும் பாடம்.

சந்தை எப்படி நடக்கிறது? நம்மில் பலர் வாசல் வழியாகப் போயிருப்போம், உள்ளே என்ன ஏற்பாடு என்று கவனித்திருக்க மாட்டோம்.

1. யார் வேண்டுமானாலும் கடை போட முடியாது. இன்ன கிராமத்தில் இவ்வளவு நிலத்தில் இன்ன பயிர் என்று அலுவலர்கள் சரிபார்த்த பிறகே விவசாயிக்குப் புகைப்பட அடையாள அட்டை கிடைக்கும்.

2. கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே தருகிறார்கள். விற்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். கமிஷன் என்ற பேச்சே இல்லை.

3. காய்கறிக் கூடைகளை அரசுப் பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லாமல் கொண்டுவரச் சலுகை உண்டு.

4. மிக முக்கியமானது விலை. தினமும் காலையில் அன்றைய மொத்த விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

இந்த நாலாவது விஷயத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மண்டியில் துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டு விலை பேசுகிற வழக்கம் இருந்ததைத் தாத்தாக்கள் சொல்வார்கள். சரக்குக்குச் சொந்தக்காரருக்கே விலை தெரியாத வியாபாரம்! அங்கிருந்து பலகையில் சாக்பீஸால் எழுதிய விலைக்கு வந்தது பெரிய மாற்றம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சந்தைக்கு வராத விவசாயிகூட, "உழவர் சந்தையில இன்னிக்கு 25 ரூபா, நீங்க 15 கேக்கறீங்களே?" என்று மண்டியில் வாய் திறந்து கேட்க முடிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இதிலுள்ள எண்கள் எல்லாம் புரிவதற்காக நாமே வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் பார்க்கலாம்.

ஒரு விவசாயியிடம் 100 கிலோ தக்காளி. மண்டி விலை கிலோ 20 ரூபாய், கடை விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மண்டிக்குப் போனால்: மொத்தம் 2000 ரூபாய். கமிஷன் பத்துக்கு ஒன்று என்றால் 200 ரூபாய் போயிற்று. வண்டி வாடகை, இறக்குக்கூலி 150 ரூபாய். கழிவு என்று 2 கிலோ தள்ளினால் 40 ரூபாய். கையில் நிற்பது 1610 ரூபாய். இதே தக்காளிக்குக் கடையில் நாம் கொடுப்பது 3000 ரூபாய். இது பக்கத்து டவுனிலேயே விற்ற சரக்கு. இன்னும் ரெண்டு கை மாறி, தூர ஊருக்குப் போனால் விவசாயி பங்கு இன்னும் தேயும்.

உழவர் சந்தைக்குப் போனால்: பலகை விலை 25 ரூபாய். 85 கிலோ அந்த விலைக்குப் போனது என்றால் 2125 ரூபாய். கடைசியில் மிஞ்சிய 15 கிலோவை "போனா போகுது" என்று 15 ரூபாய்க்குக் கொடுத்தால் 225 ரூபாய். ஆக 2350 ரூபாய். பஸ் நிற்கும் இடம் வரை ஆட்டோ, டீ, டிபன் எல்லாம் சேர்த்து 150 ரூபாய். கையில் 2200 ரூபாய். மண்டியைவிட 590 ரூபாய் கூடுதல்! வாங்கியவர்களுக்கும் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம்.

அடடா, பிரச்சினை தீர்ந்ததே என்று கை தட்டிவிடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அது விவசாயியின் நேரம்.

மண்டி என்றால் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் வயலுக்குத் திரும்பிவிடலாம். சந்தை என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முதல் பஸ் பிடித்து, கடைசிக் கிலோ விற்கும் வரை தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அதற்குள் மருந்தடிக்க முடியாது, தண்ணீர் பாய்ச்ச முடியாது. ஓர் ஆள் கூலி 500, 600 என்று இருக்கும் காலத்தில், கூடுதலாகக் கிடைத்த 590 ரூபாய் அவருடைய சொந்தக் கூலிக்குத்தான் சரியாகப் போகிறது! பல விவசாயிகள், "சந்தைக்குப் போயி உக்கார ஆளில்லப்பா, மண்டிக்கே ஏத்தி விட்டுடறேன்" என்று சொல்வது சோம்பலால் இல்லை. அது சரியான கணக்கு.

சரி, அதே 100 கிலோ காலை எட்டு மணிக்குள் விற்றுவிட்டால்? 590 ரூபாயும் கையில், மிச்சப் பகலும் வயலுக்கு. லாபம் அங்கேதான் இருக்கிறது. சந்தை வெற்றி பெறுவதும் தோற்பதும் கூரையிலோ தராசிலோ இல்லை. எவ்வளவு சீக்கிரம் விற்றுத் தீருகிறது என்பதில்தான். அதை முடிவு செய்வது வாங்குகிறவர்கள். அதாவது நாம்!

குறைகளையும் சொல்ல வேண்டும்

உழவர் சந்தையில் குறையே இல்லை என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். சில இடங்களில் வியாபாரிகளே விவசாயி அட்டையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. பத்து வகைக் காயும் ஒரே கடையில் பளபளவென்று அடுக்கியிருந்தால், இவ்வளவும் ஒரே தோட்டத்தில் விளைந்ததா என்று யோசிக்கத்தான் வேண்டும். நேரமும் ஒரு குறை. விடியலில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடுகிற சந்தைக்கு ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளி எப்படி வருவார்? பறிப்புக்கு நூற்றுக்கணக்கான கிலோ இறக்குகிற தோட்டக்காரருக்கு ஒரு சந்தைக் கடை போதாது. அவருக்கு மண்டியும் வேண்டும். ஆகவே மண்டியை இழுத்து மூடு என்பது இங்கே வாதம் இல்லை. விவசாயிக்கு இரண்டு கதவு இருக்க வேண்டும். ஒன்றில் விலை கட்டவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகும் சுதந்திரம் வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் தெளிவுபடுத்திவிடலாம். பக்கத்தில் விளைந்ததை வாங்கினால் லாரி டீசல் மிச்சமாகி உலகமே குளிர்ந்துவிடும் என்று சிலர் பேசுவதுண்டு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த நாட்டு உணவால் உண்டாகும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 11 சதவீதம்தான் வந்தது. பெரும்பங்கு விளைவிப்பதிலேயே உண்டாகிறது. அதோடு ஊட்டியில் விளைகிற கேரட்டை நம் சமவெளியில் மல்லுக்கட்டி விளைவிப்பதிலும் அர்த்தம் இல்லை. மலைக்காய் மலையிலிருந்து வரட்டும். நம்ம மண்ணில் தாராளமாக வரும் கத்தரி, வெண்டை, அவரை, புடலை, முருங்கை, கீரை... இவற்றையாவது ஊர் சுற்றி வரவிடாமல் நேராக வாங்குவோம் என்பதுதான் விஷயம்.

முன்கூட்டியே சொல்லிவைத்தால்

விற்று முடிக்கிற நேரம்தான் பிரச்சினை என்று பார்த்தோம். இதே முடிச்சை வெளிநாடுகளில் ஒரு வழியில் அவிழ்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1970-களில், பூச்சி மருந்துக்குப் பயந்த குடும்பத் தலைவிகள் பல வீடுகளாகச் சேர்ந்து, பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். "நீங்க விளைய வையுங்க, விளைஞ்சதை நாங்க வாங்கிக்கிறோம்" என்ற உடன்பாடு. இதற்கு அங்கே 'தெய்கெய்' என்று பெயர். கைகோர்ப்பு என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போன்ற வழியில் தொடங்கின. அங்கே பருவத் தொடக்கத்திலேயே குடும்பங்கள் பணம் கட்டிவிடும். வாராவாரம் விளைந்ததில் பங்கு வரும். மழை பொய்த்தால் எல்லாருக்கும் குறையும்.

கமிஷன்காரர் கொடுக்கிற அதே முன்பணம்தான்! ஆனால் இதைக் கொடுப்பது சாப்பிடுகிறவர். அதனால் விவசாயி யாருக்கும் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை. விற்குமா என்ற பயமும் இல்லை.

பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது ஆபத்துக் காலத்தில் எப்படி உதவும் என்பதை நாமே கண்ணால் பார்த்திருக்கிறோம். 1996-இல் கொத்தவால்சாவடியிலிருந்து மாறி வந்த கோயம்பேடு சந்தைதான் சென்னைக்கே காய்கறி வாசல். 2020 மே மாதம் கொரோனா பரவி அந்தச் சந்தை மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேட்டில் மீண்டும் காய்கறி வியாபாரம் தொடங்கியது. அந்த நாட்களில் பல ஊர்களில் உழவர் சந்தைகள் பஸ் நிலையத்துக்கும் மைதானத்துக்கும் இடம் மாறி நடந்தன. தெருத்தெருவாகக் காய்கறி வண்டிகள் வந்தன. ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அப்போது புரிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

இப்போது நம்ம ஹாஸ்டலுக்கே வருவோம். 200 பேர் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளுக்கு 150 கிராம் காய் என்றாலே 30 கிலோ. முன்பு போட்ட கணக்கில் ஒரு விவசாயி கொண்டுவந்த 100 கிலோவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே மெஸ்ஸுக்குள் போய்விடும்! காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நின்று, எடை போட்டு, காசு வாங்கிக்கொண்டு போனால் அவருடைய அரைநாள் மிச்சம். கிலோவுக்கு 5 ரூபாய் நமக்குக் குறைந்தால் நாளுக்கு 150 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 3900 ரூபாய். சாம்பாரில் காயைத் தேட வேண்டிய அவசியமும் குறையலாம்!

இதற்காக முன்வைக்கும் சில யோசனைகள்:

* மாணவர் மன்றமும் மெஸ் கமிட்டியும் உட்கார்ந்து பேசி, முதலில் வாரத்தில் ஒரே ஒரு நாள் காய்கறியை நேரடியாக வாங்கிப் பார்க்கலாம். யாரிடம் வாங்குவது என்று உழவர் சந்தை நிர்வாக அலுவலரிடமோ, பக்கத்தில் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ விசாரிக்கலாம்.

* என்ன காய் வேண்டும் என்று நாம் பட்டியல் போட்டுவிட்டு அதைத் தேடி அலையக் கூடாது. இந்த வாரம் என்ன விளைந்திருக்கிறது என்று கேட்டு மெனு போட வேண்டும். புடலை வாரத்தில் புடலைக் கூட்டு. "தினமும் உருளைக்கிழங்கு வறுவல்தான் வேணும்" என்று நாம் அடம் பிடித்தால் இது நடக்காது.

* காசைக் கையோடு கொடுக்க வேண்டும். பில் பாஸாக ரெண்டு மாதம் ஆகும் என்றால் எந்தச் சிறு விவசாயியும் தாங்க மாட்டார். இது மிக முக்கியம். இங்கே தவறினால் மற்ற எல்லாம் வீண்.

* சந்தைக்கு வீட்டிலிருந்து போகிறவர்கள் காலையிலேயே போங்கள். பலகை விலையிலும் பேரம் பேசி, கடைசி நேரம் வரை காத்திருந்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுப்பது அவர்.

அப்புறம் நம் தொழிலைக் காட்ட வேண்டாமா? டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. கரண்டே வேண்டாம். செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் மணல், மணலில் தண்ணீர், மேலே நனைந்த சாக்குப் போர்வை. தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. நம் வீட்டு மண்பானைத் தத்துவம்தான்! வறண்ட கோடையில் வெளியைவிட 10 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். கடலோரம் போல ஈரக்காற்று உள்ள இடத்தில் பலன் குறைவு. சிவில் நண்பர்கள் இரண்டு நாளில் கட்டிவிடலாம். மெக்கானிக்கல்காரர்கள் வெப்பநிலை அளந்து கிராஃப் போடலாம். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் மணல் காய்ந்ததும் தானாகச் சொட்டுநீர் விடும் ஒரு சின்ன சர்க்யூட் செய்யலாம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் விலைக்கு வாங்கிச் சமர்ப்பிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஷெல்ப்பில் தூசி படியாது. ஏதாவது ஒரு வயலோரம் வெண்டைக்காயை வாடாமல் காக்கும்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நாளை நாம் வெவ்வேறு கம்பெனிகளுக்குப் போகப்போகிறோம். அங்கேயும் கேன்டீன் இருக்கும். அங்கேயும் ஆயிரம் பேருக்குக் காய் நறுக்குவார்கள். அந்தக் காயை எங்கே, எப்படி வாங்குகிறீர்கள் என்று கேட்கிற ஒருவன் அங்கே இருந்தால், அந்த ஊரைச் சுற்றியுள்ள சில தோட்டங்களுக்காவது இரண்டாவது கதவு திறக்கும். வயலை விட்டு வந்துவிட்டோமே என்று வருத்தப்படுவதைவிட, வயலில் இருப்பவரின் காய்க்கு நல்ல விலை கிடைக்க நாம் இருக்கும் இடத்திலிருந்தே ஒரு கை கொடுக்கலாம். அடுத்த மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இந்தக் காய் எங்கேயிருந்து வருது?"

— மூன்றாம் ஆண்டு மாணவர்,
இயந்திரவியல் துறை